தோற்றவர் கையில் என்ன காகிதம்?

வணக்கம்.

வாக்குப்பதிவு நாள் மாலை ஆறு மணியிலிருந்து தொடங்குகிறேன். பள்ளிக்கூட வாசலில் இன்னும் வரிசை நிற்கிறது. ஆறு மணிக்குள் வந்து நின்றவர் எல்லோருக்கும் வாக்கு உண்டு. அதனால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் துண்டுச்சீட்டு கொடுக்கிறார். முதல் சீட்டு வரிசையின் கடைசி ஆளுக்கு. வாலிலிருந்து தலைக்குக் கொடுத்துக்கொண்டு போனால், ஆறு மணிக்குப் பிறகு ஓடி வருகிற யாரும் பின்னால் ஒட்டிக்கொள்ள முடியாது. சின்ன ஏற்பாடு, யோசித்துச் செய்த ஏற்பாடு. இந்தியத் தேர்தல் நடைமுறையில் இப்படிப்பட்ட நுணுக்கங்கள் நிறைய உண்டு. இனிமேல் குறையாகத்தான் அடுக்கப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசி ஆளும் போட்டு முடித்ததும் அலுவலர் மின்னணு வாக்கு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவியில் ரப்பர் மூடிக்குள் இருக்கும் ‘குளோஸ்’ பொத்தானை அழுத்துகிறார். அதற்கு மேல் அந்தக் கருவி ஒரு வாக்கும் வாங்காது. மொத்த எண் திரையில் தெரிகிறது. 812 என்று வைத்துக்கொள்வோம். அதைப் படிவம் 17சி என்ற தாளில் எழுதுகிறார். அந்தச் சாவடிக்கு உரிய வாக்காளர் எத்தனை, 17ஏ பதிவேட்டில் கையெழுத்திட்டவர் எத்தனை, கையெழுத்துப் போட்டுவிட்டு வாக்களிக்க மாட்டேன் என்று போனவர் எத்தனை, விதி மீறியதால் அனுமதிக்கப்படாதவர் எத்தனை, புகார் வந்ததால் போட்டுப் பார்த்த சோதனை வாக்கு எத்தனை, இயந்திரம் காட்டும் மொத்தம் எத்தனை. பதிவேட்டு எண்ணிலிருந்து வாக்களிக்காமல் போனவரையும் அனுமதிக்கப்படாதவரையும் கழித்தால் இயந்திரத்தின் எண் வர வேண்டும். வரவில்லையென்றால் அதையும் எழுத வேண்டும். கீழே, ஒட்டிய பச்சைத் தாள் முத்திரைகளின் வரிசை எண்கள். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49எஸ் என்ற விதி இந்தத் தாளின் சான்றிட்ட நகலை அங்கே இருக்கும் ஒவ்வொரு வேட்பாளரின் முகவருக்கும் கொடுக்கச் சொல்கிறது. கேட்டுப் பெறும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டிய தாள் அது.

இன்று நான் பேசப்போவதெல்லாம் இந்தத் தாளையும் அதன் அக்கம்பக்கத்தையும் பற்றித்தான். ஜெயித்தவருக்குத் தேர்தல் முறை மீது சந்தேகம் வந்ததாகச் சரித்திரம் கிடையாது. தோற்றவர் தன் ஊருக்குத் திரும்பி, ஆட்களைக் கூட்டி உட்காரவைத்து, ‘இதோ கணக்கு, நீங்களே கூட்டிப் பாருங்கள், நாம் தோற்றுத்தான் போனோம்’ என்று சொல்ல அவர் கையில் என்ன காகிதம் இருக்கிறது? எந்தச் சீர்திருத்த யோசனை வந்தாலும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

2024 மக்களவைத் தேர்தலில் என்ன நடந்தது? முதல் கட்டம் ஏப்ரல் 19, இரண்டாம் கட்டம் ஏப்ரல் 26. இரண்டுக்குமான இறுதி வாக்குப்பதிவு விவரம் ஏப்ரல் 30-ஆம் தேதிதான் வந்தது. அதுவும் சதவீதமாக மட்டும். தலை எண்ணிக்கை வந்தது மே 25-ஆம் தேதி, ஐந்து கட்டம் முடிந்த பிறகு. நடுவில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள், 17சி தாள்களை இணையத்தில் ஏற்றச் சொல்லி. தேர்தல் ஆணையத்தின் பதில்: முகவருக்குக் கொடுக்கத்தான் விதி, மற்றவர்களுக்குக் கொடுக்கச் சட்டம் சொல்லவில்லை, படத்தை மாற்றி வெளியிட்டுக் குழப்பம் செய்வார்கள். தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது இடைக்கால உத்தரவு போட நீதிமன்றம் மறுத்துவிட்டது.

படத்தை மாற்றுவார்கள் என்பது உண்மையான பயம்தான். ஆனால் அசல் எங்கும் இல்லாத இடத்தில்தான் போலி விலைபோகும். ஆணையத்தின் தளத்திலேயே அசல் இருந்தால், வாட்ஸ்அப்பில் வரும் போலியை ஒரு நிமிடத்தில் ஒப்பிட்டுத் தூக்கிப் போடலாம். கென்யாவைப் பாருங்கள். 2017-இல் அங்கே அதிபர் தேர்தல் முடிவை உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. சாவடி முடிவுகளை மேலே அனுப்பிய விதத்தில் இருந்த கோளாறு அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2022-இல் அவர்கள் செய்தது: 46,229 சாவடிகளின் 34ஏ என்ற முடிவுத் தாளைப் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி தளத்தில் ஏற்றினார்கள். பத்திரிகைகள் தாங்களே கூட்டிப் பார்த்தன. அப்போதும் தோற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். ஆனால் வாதம் குறிப்பிட்ட தாள்களைப் பற்றியதாக இருந்தது, காற்றோடு சண்டை போடுவதாக இல்லை. நீதிமன்றம் தாளைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியது.

நமக்கு அதைவிட எளிது. இங்கே சாவடியில் எண்ணுவதில்லை, 17சி-யின் முதல் பகுதியில் மொத்தம் மட்டும்தான் இருக்கும். யாருக்கு எவ்வளவு என்பது இருக்காது. ரகசியம் ஒன்றும் வெளியே போகாது. 2024-இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 68,000 சாவடி, நாடு முழுக்கப் பத்தரை லட்சம். சாவடிப் பொருட்களைத் திரும்ப ஒப்படைக்கும் மையத்தில் எப்படியும் ஒவ்வொரு தாளையும் ஒருவர் வாங்கிச் சரிபார்க்கிறார். அந்த மேசையில் ஒரு ஸ்கேனர் வைத்தால் போதும். இன்னொரு நகலைச் சாவடிக் கதவிலேயே ஒட்டிவிட்டு வரலாம்.

அந்தத் தாளில் தப்பு எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை சதி இல்லை, தூக்கக் கலக்கம். வாக்குப்பதிவுக்குத் தொண்ணூறு நிமிடம் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும், குறைந்தது 50 வாக்கு. ஏழு மணிக்கு ஆரம்பம் என்றால் ஐந்தரைக்கு. முகவர்கள் முன்னால் போட்டு, ‘குளோஸ்’ அழுத்தி, ‘ரிசல்ட்’ பார்த்து, ‘கிளியர்’ செய்ய வேண்டும். போட்ட வாக்கைச் சீட்டாக அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் பெட்டிக்குள் விழுந்த மாதிரிச் சீட்டுகளை எடுத்து, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு அரக்கு வைக்க வேண்டும். முந்தின நாள் காலையிலிருந்து பயிற்சி, பொருள் வாங்கல், லாரிப் பயணம் என்று ஓடி, கொசுக்கடியில் பள்ளிக்கூட பெஞ்சில் படுத்த ஆசிரியர் விடியற்காலையில் இதைச் செய்கிறார். இந்த மூன்று பொத்தானையும் அழுத்த மறந்தால் மாலையில் பதிவேட்டைவிட இயந்திரம் சரியாக 50 கூடுதலாகக் காட்டும். மாலையில் ‘குளோஸ்’ அழுத்த மறந்தால் எண்ணும் நாளில் அந்தக் கருவி முடிவையே காட்டாது.

இப்படிப்பட்ட இயந்திரத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை எண்ணுவார்கள். 2024 மக்களவைத் தேர்தல் வரை, வெற்றி வித்தியாசம் ஒதுக்கி வைத்த இயந்திரங்களின் மொத்த வாக்கைவிடக் குறைவாக இருந்தால்தான் அவற்றின் விவிபேட் சீட்டுகளை எண்ணினார்கள். நல்ல விதிதான். ஆனால் எத்தனை இயந்திரம், எந்தச் சாவடி, என்ன காரணம் என்று ஒவ்வொரு தொகுதிக்கும் முடிவோடு சேர்த்து ஒரு பட்டியல் வெளியிடக் கூடாதா? கோளாறை மறைத்தால்தான் அது வதந்தியாகிறது.

இனி விவிபேட். நாகாலாந்தின் நோக்சன் இடைத்தேர்தலில் 2013-இல் முதலில் பயன்படுத்தினார்கள். கண்ணாடிக்குள் ஏழு விநாடி சீட்டைப் பார்க்கிறோம், விழுகிறது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து விவிபேட் பெட்டிகளைக் குலுக்கலில் எடுத்து எண்ணச் சொன்னது. அதற்கு முன் ஒன்றுதான். இந்த ஐந்து எதை நிரூபிக்கும்? ஒரு கணக்குப் போடுவோம். தொகுதியில் 300 சாவடி. மூன்று இயந்திரத்தில் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கி எடுத்த ஐந்தில் அந்த மூன்றில் ஒன்றாவது அகப்பட வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு ஐந்து. மீதித் தொண்ணூற்றைந்து தடவை ‘எல்லாம் சரி’ என்று அறிக்கை வரும்.

இதைச் சொன்னால், நாடு முழுக்க 479 இயந்திரம் சோதித்தாலே போதும் என்று புள்ளியியல் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்களே என்பார்கள். சொன்னார்கள். ‘நாடு முழுக்க’ என்ற கேள்விக்கு அது பதில். தேர்தல் முடிவு நாடு முழுக்க ஒன்றாகவா வருகிறது? தொகுதி தொகுதியாகத்தானே வருகிறது? பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி. ஆனால் 234 பானைக்கு ஒரு சோறு பதமாகாது.

மாற்று என்ன? எல்லாச் சீட்டையும் எண்ணு என்பது ஒரு தரப்பு. 2024 ஏப்ரல் 26-இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. எனக்கும் அது தேவையென்று படவில்லை. வித்தியாசத்துக்கு ஏற்றபடி எண்ணினால் போதும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2017 முதல் மாநிலம் முழுக்க இந்த முறையில் தணிக்கை செய்கிறது. நம் கணக்கில் சொல்கிறேன். 300 சாவடி, சாவடிக்கு 800 வாக்கு, மொத்தம் 2,40,000. வெற்றி வித்தியாசம் 24,000 என்று வைப்போம். முடிவைப் புரட்ட 12,000 வாக்கு இடம் மாறியிருக்க வேண்டும். ஓர் இயந்திரத்தில் அதிகம் போனால் 320 வாக்கை மாற்றலாம், அதற்கு மேல் போனால் ஊரே கண்டுபிடித்துவிடும் என்று கொண்டால், 38 இயந்திரமாவது கெட்டிருக்க வேண்டும். 300-இல் 38 கெட்டிருந்தால், 22 பெட்டியைக் குலுக்கி எடுத்தாலே ஒன்றாவது மாட்ட நூற்றுக்கு 95 வாய்ப்பு. ஆக, 22 பெட்டி. இதே தொகுதியில் வித்தியாசம் 2,400 மட்டும் என்றால் நான்கு இயந்திரம் கெட்டாலே முடிவு புரளும். அதைப் பிடிக்க 158 பெட்டி எண்ண வேண்டும். பெட்டிக்கு ஒரு மணி நேரம், பதினான்கு மேசை என்றால் பன்னிரண்டு மணி நேரம். ஒரு நாள் தள்ளிப் போகும். போகட்டுமே! ஏழு கட்டமாக ஆறு வாரம் நடத்தும்போது பொறுத்துக்கொண்ட நாடு, இதற்கு ஒரு நாள் பொறுக்காதா?

அதே தீர்ப்பு வேறொரு வழியும் திறந்தது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைப் பரிசோதிக்கலாம். செலவு கேட்டவருடையது, தில்லுமுல்லு தெரிந்தால் திருப்பித் தரப்படும். தொடக்கத்தில் ஒரு தொகுப்புக்கு வரியோடு ரூ.47,200 என்று வைத்தார்கள். சுயேச்சை ஒருவர் பதினைந்து இயந்திரம் கேட்டால் ஏழு லட்சம்! கட்டணம் அதிகம் என்று பிறகு நீதிமன்றமே சொன்னது. சந்தேகத்தைத் தீர்ப்பது யாருடைய கடமை என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009-இல் அங்கே இருந்த வாக்கு இயந்திரங்களை நிராகரித்தபோது சொன்ன காரணம், சிறப்பு அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது. நம் விவிபேட் சீட்டை எண்ண எந்தப் பொறியியலும் வேண்டாம். அதை எண்ணாமல் வைத்துக்கொண்டு நினைவகத்தைப் பரிசோதிக்கக் காசு கேட்பது, வீட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு கூரை ஓட்டைப் பிரிப்பது போல.

இப்போது கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதுவரை சொன்னதற்கு எதிர்த்திசையில் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணிக்கை முடிந்ததும் படிவம் 20 வெளியாகிறது. அதில் எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்று அச்சாகிறது. ஒரு சாவடி என்றால் நாலைந்து தெரு. இன்று ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர் என்று உச்சவரம்பைக் குறைத்திருக்கிறார்கள். கூட்டம் குறையும், நல்லது. ஆனால் தெருவின் ரகசியம் இன்னும் மெலிகிறது. ‘உங்கள் பூத்தில் நமக்கு 90 ஓட்டுதானே விழுந்தது, பிறகு எதற்குக் குழாய் கேட்டு வருகிறீர்கள்’ என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? இந்தப் படிவத்திலிருந்துதான். பணம் கொடுத்தவர்கள் கணக்குப் பார்ப்பதும் இதை வைத்துத்தான். காகித வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்து அந்தப் போர்வையை உருவிவிட்டது.

இதற்கு மருந்து பல வருடமாக அலமாரியில் இருக்கிறது. டோட்டலைசர். பதினான்கு கட்டுப்பாட்டுக் கருவிகளை ஒன்றாக இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும் கருவி. தேர்தல் ஆணையம் 2008-இலேயே கேட்டது. சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. பூத் வாரியாகக் கணக்குத் தெரிய வேண்டும் என்பதில் எல்லாக் கட்சிக்கும் ஒரு ருசி இருக்கிறது என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, கலந்து எண்ணினால் விவிபேட் ஒப்பீடு எப்படி? குலுக்கலில் விழுந்த இயந்திரங்களை மட்டும் பிறகு தனித்தனியாகத் திறந்து ஒப்பிட வேண்டும். அந்தச் சாவடிகளின் கணக்கு வெளியே தெரியத்தான் செய்யும். 300-உம் தெரிவதற்கு 22 தெரிவது மேல். வித்தியாசம் குறைந்த தொகுதியில் 158 தெரிந்துவிடுமே என்றால், ஆமாம், தெரிந்துவிடும். அங்கே ரகசியம், சரிபார்ப்பு இரண்டையும் முழுசாகப் பெற வழியில்லை; சரிபார்ப்புக்கே என் ஓட்டு.

பணம் என்று சொல்லிவிட்டேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அதைத் தாண்டிப் போக முடியாது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017-இல் ஆர்.கே. நகர். 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதி. நான்கு இடத்திலும் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் நின்றது. பிறகு நான்கிலும் மறுபடி நடந்தது. முக்கிய வேட்பாளர்கள் அதே பேர்கள். வாக்காளர்களுக்கு இரண்டு முறை அலைச்சல், அரசுக்கு இரண்டு முறை செலவு.

சட்டத்தில் எங்கே ஓட்டை? 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 58ஏ பிரிவு, சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. பணத்துக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. அரசமைப்பின் 324-ஆவது பிரிவின் பொது அதிகாரத்தை இழுத்துப் பிடித்துத்தான் ரத்து செய்கிறார்கள். தனியாக ஒரு பிரிவு வேண்டும் என்று ஆணையம் கேட்டது, வரவில்லை. இன்னொன்று வேடிக்கையானது. லஞ்சம் கொடுத்த குற்றத்தில் தண்டனை கிடைத்தால், அபராதம் மட்டும் விதித்தாலும்கூட, அதே சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி ஆறு ஆண்டு போட்டியிட முடியாது. இவ்வளவு பெரிய கத்தி! ஆனால் உறையிலிருந்து எடுக்க முடியாது. இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவில் அது அதிகபட்சம் ஓராண்டுத் தண்டனைக்குரிய, பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றம். போலீஸ் விசாரிக்கவே நீதித்துறை நடுவரின் அனுமதி வேண்டும். அனுமதி வருவதற்குள் சாட்சி சொல்ல வேண்டியவர் வாக்களித்துவிட்டு வேலைக்குத் திருப்பூர் போய்விடுவார். வாங்கினவரும் சட்டப்படி குற்றவாளி என்பதால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்று திருத்தம் போதும்: பிடியாணையின்றி நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றமாக்குவது, வாங்கியதை ஒப்படைத்து சாட்சி சொல்பவருக்கு விலக்கு, குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்யக் காலக்கெடு.

இதற்குப் பதில் நாம் என்ன செய்கிறோம்? நெடுஞ்சாலையில் பறக்கும் படையை நிறுத்தி, 50,000 ரூபாய்க்கு மேல் கையில் வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்கிறோம். சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர், மஞ்சள் வியாபாரி, சீட்டுப் பணம் எடுத்து வருபவர் மாட்டுகிறார்கள். பிறகு வங்கிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குறைதீர் குழு முன் நிற்கிறார்கள். பட்டுவாடாப் பணம் தேதி அறிவிக்கும் முன்பே ஊருக்குள் வந்துவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

செலவு உச்சவரம்பு இன்னொரு நாடகம். 2022 ஜனவரியில் பெரிய மாநிலங்களுக்கு மக்களவை வேட்பாளர் செலவு ரூ.95 லட்சம், சட்டமன்றத்துக்கு ரூ.40 லட்சம் என்று உயர்த்தினார்கள். முடிவு வந்த 30 நாளில் கணக்குத் தர வேண்டும். ஆனால் கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. தலைவர் வருகிறார், மேடை போடுகிறார்கள். வேட்பாளர் பெயர் மேடையில் இருந்தால் அவர் கணக்கு, இல்லாவிட்டால் கட்சிக் கணக்கு. அதனால்தான் சில மேடைகளில் வேட்பாளர் ஓரமாக நிற்பார்! 1974-இல் உச்ச நீதிமன்றம் கட்சிச் செலவும் வேட்பாளர் கணக்கில்தான் சேரும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பைத் தாண்டச் சட்டத்தையே திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தின் வால்தான் இன்றைக்கும். கட்சிக்கும் ஒரு வரம்பு வேண்டும். வேட்பாளர் ஒருவருக்கு அனுமதித்த தொகையில் பாதி, பெருக்கல் நிறுத்திய வேட்பாளர் எண்ணிக்கை என்று வைத்தால் தொடக்கத்துக்குப் போதும். பெயர் தெரியாமல் கட்சிக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரங்கள் 2024 பிப்ரவரி 15-இல் செல்லாதென்று ஆனது. அது வரவைப் பற்றியது. செலவுப் பக்கம் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது.

வாக்காளர் பட்டியலுக்கு வருவோம். பீகாரில் 2025 ஜூனில் சிறப்புத் தீவிரத் திருத்தம் அறிவித்தார்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி வந்த வரைவில் 65 லட்சம் பெயர் இல்லை. யார் அந்த 65 லட்சம் என்று கேட்டால் பட்டியல் இல்லை. உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 14-இல் உத்தரவு போட்ட பிறகுதான் பூத் வாரியாக, பெயரும் காரணமும் போட்டு வெளியிட்டார்கள். தமிழ்நாட்டின் வரைவு 2025 டிசம்பர் 19-இல் வந்தது. 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு பெருமளவு இருக்கும், மறுக்கவில்லை. சென்னையில் வாடகை வீடு மாறுகிறவர் படிவம் 8 கொடுத்து மாற்றுகிறாரா என்ன? ஆனால் சுத்தம் செய்யும்போது நீக்கத்தின் முறைதான் முக்கியம். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, பெயரை நீக்கும் முன் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கச் சொல்கிறது. நடைமுறையில் அந்த வாய்ப்பு பூட்டிய கதவில் ஒட்டிய காகிதம். வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டிவிட்டால் சேர்க்கவும் முடியாது; வாக்குச்சாவடியில் போய் நின்று அழுதாலும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நீக்கப்பட்டவர் பெயர், காரணம், எந்த ஆவணத்தின் பேரில், யார் நீக்கச் சொல்லிப் படிவம் 7 கொடுத்தார்கள், எல்லாம் பூத் வாரியாக மாதந்தோறும் வெளியாக வேண்டும், நீதிமன்றம் சொல்லித்தான் என்றில்லாமல். பதிவான கைபேசிக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். எரிவாயு உருளை பதிவானால் வருகிறதே. இறப்புப் பதிவேடு உள்ளாட்சியிடம் இருக்கிறது. அதிலிருந்து மாதாமாதம் தகவல் வந்தால் இருபது வருடக் குப்பையை ஒரே மாதத்தில் பெருக்க வேண்டிய அவசியம் இருக்காது. பட்டியலைத் தேடக்கூடிய எழுத்து வடிவில் தர வேண்டும் என்ற கோரிக்கையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தனிநபர் விவரம் கசியும் என்ற கவலை நியாயமானது. வீட்டு எண்ணையும் வயதையும் மறைத்துவிட்டுப் பெயரும் அடையாள அட்டை எண்ணின் கடைசி நான்கு எழுத்தும் மட்டும் தேடலாம் என்று வைக்க முடியும்.

முடிவு அறிவித்த பிறகு என்ன என்பதற்கு ராதாபுரம் ஒன்றே போதும். 2016 சட்டமன்றத் தேர்தல். இன்பதுரை 49 வாக்கு வித்தியாசத்தில் அப்பாவுவைத் தோற்கடித்ததாக அறிவிப்பு. 203 தபால் வாக்குகளைத் தள்ளியிருந்தார்கள். உறுதிமொழியில் சான்றிட்ட தலைமையாசிரியர் அதற்குத் தகுதியான அலுவலரா என்ற பிரச்சினை. யோசித்துப் பாருங்கள், வித்தியாசம் 49, தகராறு 203. அன்றைக்கே அந்த மேசையில் ஒரு மணி நேரத்தில் தீர வேண்டியது. சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது 2019 அக்டோபரில். எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சட்டமன்றத்தின் ஆயுளே 2021-இல் முடிந்தது. தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 86(7) பிரிவு சொல்கிறது. ‘முயல வேண்டும்’ என்ற சொல்லில்தான் எல்லாம் போய்விட்டது.

இரண்டு மாற்றம். வித்தியாசம் அரை சதவீதத்துக்குக் கீழ் என்றாலோ, தள்ளிய தபால் வாக்கைவிடக் குறைவு என்றாலோ, யாரும் கேட்காமலே மறு எண்ணிக்கை நடக்க வேண்டும். இப்போது, வித்தியாசம் தள்ளிய தபால் வாக்கைவிடக் குறைவென்றால் அந்த வாக்குகளை மட்டும் மறுபடி சரிபார்க்க ஆணையத்தின் அறிவுறுத்தல் இருக்கிறது. மறு எண்ணிக்கை என்றால் வேட்பாளர் எழுதிக் கேட்க வேண்டும், தருவதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலர் பாடு. அடுத்தது, பொதுத்தேர்தல் முடிந்த ஆறு மாதத்துக்கு உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு மட்டும் கேட்கும் அமர்வு. வேறு எந்த வழக்கும் அங்கே பட்டியலிடக் கூடாது.

கேமரா பதிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதிகளின் 93-ஆவது விதியைத் திருத்தி, கேமரா பதிவு போன்ற மின்னணு ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்க முடியாதபடி செய்தார்கள். 2025 மே மாதம், 45 நாளுக்குள் தேர்தல் வழக்கு வராவிட்டால் பதிவுகளை அழித்துவிடலாம் என்று ஆணையம் அறிவுறுத்தியது. வழக்குப் போடவும் அதே 45 நாள்தான். ஆதாரத்தைப் பார்க்க வழக்குப் போட வேண்டும். வழக்கில் நிற்க ஆதாரம் வேண்டும். பெண் வாக்காளர்களின் அந்தரங்கம் என்ற காரணம் சொல்லப்படுகிறது. சரி, முகத்தை மங்கலாக்கி வேட்பாளருக்கு மட்டும் காட்டுங்கள், ஓராண்டு வைத்திருங்கள்.

ஆணையர் நியமனம் பற்றி ஒரே வார்த்தை. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி கொண்ட குழுவைச் சொன்னது. டிசம்பரில் வந்த சட்டம் தலைமை நீதிபதிக்குப் பதில் ஒரு மத்திய அமைச்சரை உட்காரவைத்தது. மூன்றில் இரண்டு எப்போதும் ஒரே பக்கம். நடுவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஒரு அணி மட்டும் சேர்ந்து அவரைத் தேர்ந்தெடுத்தால் மைதானத்தில் முணுமுணுப்பு இருக்கும். வாங்கிய வாக்குக்கு ஏற்ப இடங்களைப் பங்கிடும் விகிதாச்சார முறையைக் கேட்பவர்கள் 2024-இல் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. தனியாக இருபது சதவீத வாக்கு வாங்கி ஓர் இடமும் பெறாததைக் காட்டுகிறார்கள். வலுவான வாதம்தான், தனி மாலையில் பேச வேண்டியது. ஆனால் எந்த முறையில் இடத்தைப் பங்கிட்டாலும் 812 என்ற எண் முதலில் சரியாக இருக்க வேண்டும் அல்லவா?

இந்த அரங்கில் அடுத்த தேர்தலில் பூத் ஏஜென்டாக உட்காரப் போகிறவர்கள் சிலர் இருப்பீர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. சட்டம் மாறும் வரை செய்யக்கூடியது இது. படிவம் 10 நியமனத்தில் வேட்பாளர் கையெழுத்தை முந்தின நாளே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தரைக்குச் சாவடியில் இருங்கள். மாதிரி வாக்கில் யாருக்கு எத்தனை போட்டீர்கள் என்று நீங்களும் எழுதுங்கள். ‘கிளியர்’ ஆனதும் பூஜ்யத்தைக் கண்ணால் பாருங்கள். விவிபேட் பெட்டி காலியா என்று எட்டிப் பாருங்கள். கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை, ஆகவே ஒரு நோட்டும் இரண்டு பேனாவும். முதல் பக்கத்தில் கட்டுப்பாட்டுக் கருவி எண், விவிபேட் எண், பச்சைத் தாள் முத்திரை எண். ஆள்மாறாட்டம் என்று ஆட்சேபிக்க இரண்டு ரூபாய் ரொக்கம் கட்ட வேண்டும். நாணயமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சில்லறை கிடைக்காது. வேறொருவர் தன் பெயரில் போட்டுவிட்டார் என்று யாராவது வந்தால், 49பி (49P) விதிப்படி தனி வாக்குச்சீட்டு வாங்கிக் கொடுங்கள். இயந்திரத்தில் சேராது, ஆனால் 17சி-யில் ஓர் எண்ணாக ஏறும்.

மதியம் பிரியாணி வந்ததும் எழுந்து போய், நாலு மணிக்கு வெற்றி உறுதி என்று பேசிக்கொண்டு தெருவில் நிற்காதீர்கள். வாக்குப்பதிவு முடியும்போது உள்ளே இருக்கும் முகவருக்குத்தான் 17சி நகல். ரசீதில் கையெழுத்துப் போட்டு வாங்கி, முத்திரை எண்களை உங்கள் நோட்டோடு அங்கேயே ஒப்பிட்டுவிட்டு, அன்றிரவே கட்சி அலுவலகத்தில் ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள். எண்ணிக்கை நாளில் பதினான்கு மேசையில் உங்கள் சாவடியின் கருவி எந்த மேசைக்கு வருகிறதோ, அந்த மேசை முகவரின் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.